குந்தா சரிவில் நான் தவறாகக் குறித்த பதினான்கு வீடுகள்

போன மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மஞ்சூர் பக்கம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன் இதே வலைப்பதிவில் நான் ஏற்றிவைத்த ஒரு மேப்பைத் திருத்தப் போனேன். அந்த மேப்பை நம்பி நடந்த ஒருவர் பொங்கல் முடிந்த வாரத்தில் அங்கே இறந்துபோனார். அவருடைய மனைவியும் என்னுடன் வந்தார்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோவையில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வரைவாளராக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் மலையேறுவேன். கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். நடக்கும்போது ஐந்து விநாடிக்கு ஒருமுறை நான் நிற்கும் இடத்தை அது ஒரு புள்ளியாகப் பதிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ளிகளைக் கணினியில் இறக்கி, கோடாக்கி, நிறம் கொடுத்து, பஸ் நிறுத்தம், தண்ணீர், வீடு என்று குறிகள் போட்டு, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒரு அடுக்காக விரிப்பேன். யார் வேண்டுமானாலும் அதைப் போனில் போட்டுக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். நீலகிரிக்கு மட்டும் பதினொரு மேப் போட்டிருந்தேன். அதில் அதிகம் பேர் எடுத்துப் பயன்படுத்தியது மஞ்சூரைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட் வழியாக ஓடைக்கு இறங்கும் இந்த வழிதான். எஸ்டேட்டின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் தடவை போனபோதே தேயிலை விலை விழுந்து கிடந்தது. எஸ்டேட்டின் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுவதாகச் சொன்னார்கள். ஆனாலும் பாதைகள் வெட்டிச் சுத்தமாக இருந்தன. ஓடைக்கு மரப்பாலம் இருந்தது. கீழ் லைன் என்று சொல்லும் வரிசையில் தொழிலாளர் வீடுகள் பதினான்கு. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். ஒரு வீட்டில் எனக்கு டீ கொடுத்தார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். அன்று இரவே மேப்பில் அந்த இடத்தில் ஒரு வீட்டுக் குறி போட்டு, பக்கத்தில் இப்படி எழுதினேன்: “ஆட்கள் இருப்பார்கள். தண்ணீர், டீ கிடைக்கும். அவசரத்துக்கு உதவுவார்கள்.” எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வருடம் அந்த எஸ்டேட் மூடப்பட்டது. அங்கே எஸ்டேட்டுகள் மூடிக்கொண்டே வருகின்றன என்று பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருந்தேன். படித்து உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். என் மேப்பில் ஒரு வீட்டுக் குறி இருக்கிறதே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பிப்ரவரியில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பெயரைக் கோமதி என்று வைத்துக்கொள்வோம். அவரும் கணவரும் அங்கே ஒரு சின்ன அச்சகம் நடத்திவந்தார்கள். கணவர் என் மேப்பைப் போனில் வைத்திருந்தார், அச்சடித்தும் எடுத்துவந்திருந்தார். பொங்கலுக்கு மறுவாரம் இரண்டு பேரும் அந்த வழியில் இறங்கினார்கள். ஓடையில் பாலம் இல்லை. பாறை மேல் கால்வைத்துத் தாண்டப் பார்த்த கணவர் வழுக்கி, இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்தார். நினைவு இருந்தது, எழ முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. மேப்பில் வீட்டுக் குறி தெரிந்தது. கோமதி அங்கே ஓடினார். பதினான்கு வீட்டிலும் யாரும் இல்லை. திரும்பி ஓடிவந்து, கணவரிடம் சொல்லிவிட்டு, மூன்று கிலோமீட்டர் மேலே ஏறி ரோட்டுக்கு வந்து, ஒரு ஜீப்பை நிறுத்தி ஆள் கூட்டிக்கொண்டு இறங்குவதற்குள் நான்கு மணி நேரம் போய்விட்டது. அதற்குள் அவர் உயிர் போயிருந்தது.

மின்னஞ்சலில் கோபமே இல்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டிருந்தார். அந்த வீட்டுக் குறியை எடுத்துவிடுங்கள், இன்னொருவர் அங்கே ஓடக் கூடாது என்று.

பத்து நிமிடத்தில் கோப்பையே நீக்கிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே இறக்கிவைத்தவர்களின் போனில் அது இருக்கிறது. வேறு இரண்டு இணையதளங்களில் யாரோ நகலெடுத்துப் போட்டிருப்பதையும் பார்த்தேன். அங்கெல்லாம் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அதே பெயரில் திருத்திய மேப் ஒன்றை வெளியிடுவதுதான் மிச்சமிருந்த வழி. அதற்குத் திரும்ப நடக்க வேண்டும். போகப்போகிறேன் என்று கோமதிக்கு எழுதினேன். நானும் வரட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

காலை 5.10க்குக் காந்திபுரத்தில் ஊட்டி பஸ் ஏறினேன். டிக்கெட் 53 ரூபாய். ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையத்தில் கோமதி ஏறினார். முப்பத்தெட்டு வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு பொட்டலம் எலுமிச்சைச் சோறு. எனக்கும் சேர்த்துக் கட்டியிருந்தார். பர்லியார் தாண்டும் வரை என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் என் வேலையைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். ஊட்டியில் 8.50. அங்கிருந்து 9.20க்கு மஞ்சூர் பஸ், 22 ரூபாய். கைகாட்டி என்ற ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலைதான். ஒரு தோட்டம் கவாத்து செய்து ஒழுங்காக இருக்கும், அடுத்தது காடாகி நிற்கும். நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்தன. 10.45க்கு மஞ்சூர்.

ஜீப்பைக் கோமதி முன்பே சொல்லிவைத்திருந்தார். ஜனவரியில் ரோட்டில் அவருக்காக நின்ற அதே ஜீப், அதே டிரைவர். பெயர் செல்வம். பதினொரு கிலோமீட்டர் போய்க் காத்திருந்து திரும்ப 700 ரூபாய். முன்பு அவர் அந்த எஸ்டேட்டில்தான் இலை லாரி ஓட்டியிருக்கிறார். மூடியபோது யாருக்கும் முறையாகச் சொல்லவில்லை என்றார். ஒரு திங்கட்கிழமை காலை, வருகை பதியும் மஸ்டருக்குப் போனால் பேர் எழுத யாரும் வரவில்லை. ஒரு மாதம் வரைக்கும் ஜனங்கள் தினமும் காலையில் போய் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பிறகு திருப்பூருக்கும் கோவைக்கும் ஒவ்வொரு வீடாகக் கிளம்பிவிட்டது.

“இலைக்கு வர்ற வெல பறிக்கிற கூலிக்கே கட்டலக்கா. அவங்களும் என்ன பண்ணுவாங்க” என்றார். அவங்க என்றது முதலாளியையா, போனவர்களையா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

11.40க்கு இறங்க ஆரம்பித்தோம். செல்வம் ஜீப்போடு மேலேயே இருந்துகொண்டார். கருவியின் திரையில் என் பழைய பாதை ஊதாக் கோடாகவும், இப்போது நடப்பது சிவப்புக் கோடாகவும் தெரியும்படி வைத்திருந்தேன். அரை கிலோமீட்டரிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. ஊதாக் கோடு போகும் இடத்தில் உண்ணிச்செடி அடர்ந்து கிடந்தது. இடுப்பு உயரத்தில் இருந்த தேயிலை தலைக்கு மேல் மரமாகி நின்றது. செயற்கைக்கோள் படத்தில் மட்டும் எல்லாம் வரிசை வரிசையாக, சீவிவிட்டது போல இருக்கிறது. அந்தப் படம் எடுத்து எத்தனை வருடமாயிற்றோ. என் மேப்பைப் போனில் பார்க்கிறவருக்கு அந்த ஒழுங்குதான் தெரியும்.

முன்பு 2.9 கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் இறங்கினேன். இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எங்கெங்கே வழி மூடியிருக்கிறது, எங்கே சுற்றிப் போனோம் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தேன். கோமதி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. வழி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒருமுறை தனியாக ஓடி ஏறிய வழி அல்லவா.

ஓடைக்கு 1.15க்கு வந்தோம். இரண்டு கரையிலும் கல் கட்டு மட்டும் இருக்கிறது. பலகைகள் ஒன்றுகூட இல்லை. கீழே பாறை. கோமதி அந்த இடத்தைக் கையால் காட்டவில்லை, ஆனால் எங்கே பார்த்துக்கொண்டு நின்றார் என்பதிலிருந்து தெரிந்தது. நான் கருவியைப் பார்த்தேன். வேறு எதைப் பார்ப்பது? மலை இரண்டு பக்கமும் நெருக்குவதால் அங்கே ஜிபிஎஸ் சிக்னல் தெறித்து வருகிறது. நான் ஓடைக்கு எதிர்க்கரையில் இருபத்திரண்டு மீட்டர் தள்ளி நிற்பதாகத் திரை சொன்னது. அப்படியானால் என் பழைய கோடும் இங்கே அவ்வளவு தள்ளித்தான் இருந்திருக்கும். அதையும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. “பாலம் இல்லை” என்று ஒரு குறி போட்டேன்.

சாப்பிட மனம் வரவில்லை. கோமதிதான் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார்.

பிறகு அந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்றார். ஓடையை ஒட்டிக் கீழே எண்ணூறு மீட்டர். பதினான்கு கதவு. ஆறு வீட்டில் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மற்றவற்றில் பூட்டு, துரு ஏறி. எனக்கு டீ கொடுத்த வீடு எது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

“எல்லாக் கதவையும் தட்டுனனுங்க. பூட்டித் தொங்குறது கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சுந்தான் தட்டுனன்” என்றார் கோமதி.

என்னுடைய தப்பு என்று சொன்னேன். இதைச் சொல்லத்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் வந்தபோது ஆள் இருந்தார்கள்தானே என்று மட்டும் கேட்டார். இருந்தார்கள் என்றேன்.

திரும்பி ஓடைக்கு வந்து மேலே ஏறத் தொடங்கியபோது மணி 2.40. எங்கோ மேலே ஒரு சேவல் கூவியது. இரண்டு பேரும் நின்றுவிட்டோம். மறுபடி கூவியது. ஓடையிலிருந்து அறுபது மீட்டர் ஏறியதும் இடது பக்கம் உண்ணிப் புதருக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய தடம் பிரிகிறது. அன்றாடம் கால் படும் தடம். இறங்கும்போது அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். முதல் தடவையும் நான் தாண்டித்தான் போயிருப்பேன். ஜனவரியில் கோமதியும்.

அந்தத் தடம் சில்வர் ஓக் மரங்களுக்குள் ஏறி ஒரு வரிசை வீட்டு முன்னால் முடிந்தது. மேல் லைன். நான்கு வீட்டில் மூன்று காலி. நாலாவதில் புகை வந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு அம்மா பறித்த இலையைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் என்று பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர்; லைன் வீடுகளை லயம் என்பார். கணவருக்குப் பக்கவாதம் வந்து உள்ளே படுத்திருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று இருந்துவிட்டார்கள். காடாகிப்போன செடியில் கைக்கு எட்டுகிற கொழுந்தைப் பறித்து, வாரம் இருமுறை தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுபோய் ஏஜெண்டிடம் போடுகிறார்.

“உக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்” என்றார்.

பால் இல்லாத டீ. கோமதி டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பொங்கலுக்கு மறுவாரம் இங்கேதான் இருந்தீர்களா என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். நானாவது பேச்சை மாற்றியிருக்கலாம்.

“நாங்க எங்க போறது? இங்கனதான் கெடந்தோம்” என்றார் பாக்கியம். பிறகு அவராகவே சொன்னார். “அந்த வாரம் ஓடையில ஒரு மனுசன் விழுந்து செத்துட்டாராம். ரோட்டுல பேசிக்கிட்டாங்க. அன்னைக்கு கீழ் லயத்துப் பக்கம் ஒரு பொம்பள சத்தம் கேட்டுச்சு. காட்டெருமை வெரட்டுறாங்கன்னு இருந்துட்டேன்.”

கோமதி டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, மிச்சத்தையும் குடித்தார். தான் யார் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்து, படுத்திருந்தவரிடமும் போய்வருகிறோம் என்று சொன்னார்.

தடம் பாதையில் சேரும் இடத்துக்கு வந்ததும் நின்றார்.

“ஓடையிலிருந்து அந்த ஊடு எவ்வளவு தூரமுங்க?”

கருவி கையிலேயே இருந்தது. கூட்டிச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஒரு கிலோமீட்டர் என்றால் அவர் நம்பியிருப்பார். ஆனால் இரண்டரை வருடத்துக்கு முன் யோசிக்காமல் எழுதியதற்குத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

“முன்னூத்தி நாப்பது மீட்டருங்க” என்றேன்.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ரத்தக் கசிவு என்று டாக்டர் சொன்னதாகவும், யார் இருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று எல்லோரும் தன்னைத் தேற்றியதாகவும் சொன்னார். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

“பொழைக்கிறது இருக்கட்டுங்க. அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும். தண்ணி கேட்டிருப்பாரு. தனியாவே கெடந்திருக்காரு” என்றார். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, “இந்த ஊட்டை மேப்புல போடுங்க. பெருசாப் போடுங்க” என்றார்.

4.50க்கு ஜீப்புக்கு வந்து சேர்ந்தோம். மேல் லைனில் ஆள் இருப்பது செல்வத்துக்கும் தெரியவில்லை. எல்லோரும் போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தாராம். மஞ்சூரில் 5.30க்கு மேட்டுப்பாளையம் பஸ் கிடைத்தது. மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது கோமதி, மேப்பில் எதை மாற்றினாலும் தனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்.

மேப்பைத் திருத்த நான்கு மாலை பிடித்தது. இறங்கும்போது பதிந்த கோட்டையும் ஏறும்போது பதிந்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓடைப் பக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. சராசரி எடுத்து நடுவில் ஒரே கோடாக இழுப்பதுதான் வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். இந்த முறை அப்படிச் செய்யாமல் அந்த இடத்தை ஒரு பட்டையாக வரைந்து, “இங்கே கோட்டை நம்ப வேண்டாம்” என்று எழுதினேன். பழைய ஊதாக் கோட்டை அடியோடு எடுத்தேன். கீழ் லைனுக்குச் சிவப்பில் “யாரும் இல்லை”. மேல் லைனுக்குப் பெரிய வீட்டுக் குறி.

இப்படி மேப் தயாரிக்கிறவர்களுக்கும், அதை வைத்து நடக்கிறவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நடந்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே போடுங்கள், உள்ளே எங்கோ ஒளித்துவைக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை நீங்களே நீக்கிவிடுங்கள். பாதை, ஓடை, மனிதர்கள் மூன்றையும் ஒரே அடுக்கில் போட வேண்டாம். மலை இருக்கும், ஓடை இருக்கும். மனிதர்கள் இருப்பார்கள் என்று எழுத நமக்கு அதிகாரம் கிடையாது. “அன்று இருந்தார்கள்” என்றுதான் எழுதலாம். நடக்கிறவர்கள், பஸ் நிறுத்தத்தில் இருக்கும் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்காதீர்கள். டிரைவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி, வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்றும் எழுதிக் கொடுங்கள். மூன்று பேருக்குக் குறைந்து போகவே வேண்டாம். விழுந்தவருடன் ஒருவர் இருக்க வேண்டும், இன்னொருவர் ஓட வேண்டும். மூடிய எஸ்டேட்டுகளுக்குள் போகாமலே இருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் எழுதும்போது, யார் படித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. மற்ற பத்து மேப்புகளையும் நீக்கிவிட்டேன். திரும்ப நடந்து பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

திருத்திய மேப்பை ஏற்றி மூன்று வாரம் ஆன பிறகு செல்வம் போன் செய்தார். அந்தப் பக்கம் போனபோது நடந்து பார்த்தாராம். மேல் லைன் வீடும் பூட்டிக் கிடக்கிறது, சாமான் ஒன்றும் இல்லை என்றார். அன்று மாலையே அந்தப் பெரிய குறியை எடுத்துவிட்டு, கோப்பை மறுபடி ஏற்றினேன். சொன்னபடி கோமதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அவிய எங்க போனாங்கன்னு கேட்டீங்களா?” என்றார். “அவரால நடக்க முடியாதே.”

நான் கேட்டிருக்கவில்லை. குறியை எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. விசாரித்துச் சொல்கிறேன் என்று கோமதியிடம் சொல்லி போனை வைத்துவிட்டு, செல்வத்தைத் திரும்பக் கூப்பிட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இலை வாங்கும் ஏஜெண்டைக் கேட்டாராம், இரண்டு வாரமாக அந்த அம்மா இலை கொண்டுவரவில்லை என்பதைத் தவிர அவருக்கும் ஒன்றும் தெரியாதாம். மஞ்சூரிலும் பக்கத்து ஊரான பிக்கட்டியிலும் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோமதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.